தேர்டு பேஸுக்குப் பின்னால்

சார்ஜ் மெமோவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு. கூடவே மனைவி. ராஜகீழ்ப்பாக்கத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் கேட்டைத் திறந்ததும் டீச்சர் வணக்கம் சொன்னார். அவர் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று செம்பாக்கம் ஏரிக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டுத்தான், "வணக்கம் சார்" என்றார்.

சார்ஜ் மெமோவோடு என் வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகத் தரையைத்தான் பார்ப்பார்கள். வானத்தைப் பார்க்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். என் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் பணியாளர் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். இலாகா விசாரணைக்கு உள்ளாகும் ஊழியர், தனக்காகப் பேச ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. டிஃபென்ஸ் அசிஸ்டென்ட் என்று பெயர். வக்கீலுக்குப் படிக்காமல் வக்கீல் வேலை பார்க்கிற பதவி. ஓய்வு பெற்றவர்களுக்கு அரசாங்கம் விட்டுவைத்திருக்கும் சில பொழுதுபோக்குகளில் அதுவும் ஒன்று. ஏரியைச் சுற்றி நடப்பதைவிட மூட்டுக்கு நல்லது.

கவரைப் பிரித்துப் படித்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் பொய்யான சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் டிஸ்மிஸ். அதற்குக் குறைந்த தண்டனை கொடுக்க மேலதிகாரி நினைத்தாலும் விதி இடம் கொடுக்காது. ஓய்வு பெறச் சில வருடங்களே இருக்கும் நிலையில், இத்தனை வருட வேலை முதல் நாளிலிருந்தே இல்லை என்றாகிவிடும்.

"என்ன விளையாட்டு?" என்று கேட்டேன்.

"பேஸ்பால் சார். அவுட்ஃபீல்டர்."

சென்னையின் எந்தத் தெருவிலும், எந்தக் காலி மனையிலும் பேஸ்பால் ஆடி நான் பார்த்ததில்லை. பணியில் இருந்தபோது அந்த ஒதுக்கீட்டுக் கோப்புகள் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அப்படி ஓர் ஆட்டம் இருக்கிறதா, அல்லது வேலை வாங்குவதற்காக யாரோ கண்டுபிடித்ததா என்று அப்போதே யோசித்திருக்கிறேன். கோப்பு சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டேன். கோப்பு சரியாக இருப்பதும் விஷயம் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்வதில்லை.

அவருடைய கதையை டீச்சர்தான் சொன்னார். தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன். பேட்டிங் வராது, பவுலிங் வராது. பவுண்டரியில் நிறுத்துவார்கள். அங்கிருந்து ஸ்டம்பை நோக்கி எறிந்தால் பந்து தரையைத் தொடாமல் வரும். பேஸ்பாலுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்த பி.டி. மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்து இழுத்துக்கொண்டார். மாநில அணி, வடக்கே ஒரு தேசியப் போட்டி, அதில் வெற்றி, வேலை. பிறகு பல வருடம் அலுவலக அணியில் அவுட்ஃபீல்டர். ஆடுவதுதான் உத்தியோகம், மதியத்துக்கு மேல் பிராக்டிஸ். ஒருநாள் தோள்பட்டை கிழிந்தது. அதன் பிறகு அவரைத் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். இப்போது வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. சட்டை மாட்டுவதற்கே டீச்சர் உதவ வேண்டும்.

"சரி, சான்றிதழ் பொய் என்று இப்போது ஏன் கிளம்பியது?"

"மொட்டை லெட்டர் சார்," என்றார் டீச்சர். "பிரமோஷன் லிஸ்ட்ல இவர் பேர் வந்த வாரம்."

பெயரில்லாத புகார்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையில் பெயரும் கையெழுத்தும் இருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் இந்த மொட்டைக் கடிதத்தில் விஷயம் இருந்தது. அந்த ஆட்டத்துக்கு அந்தக் காலத்தில் இரண்டு சங்கங்கள். ஒன்றாக இருந்து உடைந்தவை. தான்தான் உண்மையான சங்கம் என்றும் மற்றது போலி என்றும் இரண்டும் சொல்லும். இவர் ஒரு சங்கத்தின் அணியில் ஆடி, அந்தச் சான்றிதழைக் கொடுத்து வேலையில் சேர்ந்தார். சில வருடம் கழித்து அலுவலகம் எல்லோருடைய சான்றிதழ்களையும் மறுபடி சரிபார்க்கக் கேட்டது. எந்தச் சங்கம் ஜெயிக்குமோ என்று பயந்து, இன்னொரு சங்கத்திடமும் போய் ஒரு சான்றிதழ் வாங்கி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இரண்டாவது சங்கம் தாராளமானது. அவர் தங்களுக்கும் ஆடியதாக எழுதிக் கொடுத்தது. அதே தேதிகளில். வேறு ஊரில்.

"எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன்.

"சேஃப்டிக்கு சார். எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

ரேஷன் கார்டுக்கும் ஓட்டர் கார்டுக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிற ஜனங்கள் நாம். ஒன்று தொலைந்தால் இன்னொன்று. அந்தப் பழக்கத்தில் செய்த காரியம். ஆனால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு ஊரில் பந்து பிடித்ததாக இரண்டு சங்கங்கள் சொன்னால், படிக்கிறவன் ஒன்றை மட்டும் சந்தேகப்பட மாட்டான். இரண்டையும்தான் சந்தேகப்படுவான். நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன்.

"முதல் போட்டியில் ஆடியதற்கு ஸ்கோர் புத்தகம் எதுவும் இருக்கிறதா?"

"ஒரு சங்கத்தைக் கேட்டா இன்னொரு சங்கத்துல இருக்குங்கறாங்க சார். அவங்களைக் கேட்டா வெள்ளத்துல போயிடுச்சுங்கறாங்க."

அந்த வெள்ளம் தாம்பரம் பக்கம் எத்தனை பேருடைய அசௌகரியமான காகிதங்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால், செம்பாக்கம் ஏரியில் ஆகாயத்தாமரைக்கு இடமே இருந்திருக்காது.

அவர்கள் போன பிறகு என் மனைவி சொன்னாள்: "பால் பாக்கெட் போடறவனையும் கேஸ் சிலிண்டர் கொண்டுவர்றவனையும் சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருக்கீங்க. இவரையாவது போய் உருப்படியா சந்தேகப்படுங்க." வழக்கை எடுத்துக்கொண்டேன்.

விசாரணை, நகரத்தில் இருந்த எங்கள் பழைய அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். விசாரணை அதிகாரியும் ஓய்வு பெற்றவர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குக் கண் சொருகும் என்பது எனக்குப் பணிக்காலத்திலேயே தெரியும். அதனால் முக்கியமான விஷயங்களைக் காலையில் பேசிவிட வேண்டும். நிர்வாகத் தரப்பில் வாதாட ஓர் இளம் பெண் அதிகாரி. விதிப்புத்தகத்தில் வண்ண வண்ணமாகக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். நல்ல கெட்டிக்காரி. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

நிர்வாகத் தரப்புச் சாட்சி ஒருவரே. அதே பழைய அணியில் ஆடி, அதே போட்டியைக் காட்டி, அதே வருடம் வேலையில் சேர்ந்தவர். இப்போது கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளர். கீழ்க்கட்டளையின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வயலெல்லாம் அவர்களுடையது, இப்போது அந்தப் பக்கத்து வாடகையெல்லாம். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் போட்டியில் இவர் லெஃப்ட் ஃபீல்டில் நின்று ஆடியதைப் பார்த்தீர்களா?" என்று இளம் அதிகாரி கேட்டார்.

"போட்டி முழுக்க நான் ஆடினேன் மேடம். இவர் அங்கே நின்றதை நான் பார்த்ததாக நினைவில்லை."

அவ்வளவுதான். எழுதிக்கொண்டார்கள். குறுக்கு விசாரணைக்கு நான் அவகாசம் கேட்டு வாங்கினேன். என் கட்சிக்காரர் பக்கம் திரும்பினேன். கோபம், வருத்தம், ஒன்றும் இல்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி எழுந்து போகும்போது இவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார்.

லிஃப்டில் இறங்கும்போது எனக்கு ஒரு கணக்கு ஓடியது. பிரமோஷன் பட்டியலில் இவருக்கு அடுத்த பெயர் அந்தச் சாட்சியுடையது. இவர் கீழே இறங்கினால் அவர் மேலே ஏறுவார். மொட்டைக் கடிதம் எழுதியவரைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கண் பரிசோதனைக்காகக் கோவிலம்பாக்கம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கீழ்க்கட்டளை நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், டீக்கடை பெஞ்சில் என் கட்சிக்காரரும் நிர்வாகத் தரப்புச் சாட்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாட்சி எதையோ சொல்லி இவருடைய தொடையில் தட்டுகிறார். இவர் சிரிக்கிறார். என் வீட்டில் இவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கண்ணில் மருந்து ஊற்றியிருந்தார்கள். காட்சி கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் இரண்டு ஆட்களை அடையாளம் தெரியாமல் போகாது. பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் கணவன் மனைவி இருவரையும் வரச் சொன்னேன்.

"நேத்து கீழ்க்கட்டளையில என்ன வேலை?"

"டீ சாப்ட்டோம் சார்."

"உங்களுக்கு எதிரா சாட்சி சொல்ற ஆளோட?"

"சனிக்கிழமைன்னா சாப்பிடுவோம் சார். ரொம்ப வருஷமா."

"அவர் நீங்க ஆடலைங்கறார். நீங்க ஆடினேங்கறீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. அப்புறம் என்ன டீ?"

"அவன் பொய் சொல்லல சார்."

"அப்ப நீங்க சொல்றீங்களா?"

"இல்ல சார்."

டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். "நானும் இதைத்தான் சார் ராத்திரி பூரா கேட்டேன். எந்தக் கணக்குலயும் வரமாட்டேங்குது."

"தேர்டு பேஸ்ல நிக்கிறவன் பின்னாடி பாக்க மாட்டான் சார்," என்றார் அவர். "அவனுக்கு எல்லாம் முன்னாடிதான்."

எனக்குப் புரியவில்லை. சாப்பாட்டு மேஜைக்குப் போய்ச் சாமான்களை எடுத்து வைத்துக் காட்டினார். உப்பு ஜாடி ஹோம். அதிலிருந்து ஆரம்பித்து மூன்று இடங்களைத் தொட்டு, மறுபடி உப்பு ஜாடிக்கே ஓடிவந்தால் ஒரு ரன். நடுவில் இருக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு பேஸ். மூன்றாவது பேஸ், ஊறுகாய் பாட்டில். அதைக் காப்பவன்தான் நம் சாட்சி. ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் வெகுதூரத்தில், மேஜை விளிம்பில், ஒரு டீஸ்பூனை வைத்தார்.

"இது நான் சார். லெஃப்ட் ஃபீல்ட்."

"ரொம்ப தூரத்துல இருக்கீங்க."

"ஆமா சார். ஆனா ஹோம்லேர்ந்து யாராவது தேர்டு பேஸுக்குப் பந்து வீசினா, நான் முன்னாடி ஓடி வந்து அவனுக்குப் பின்னாடி நிக்கணும். அவன் விட்டுட்டா பிடிக்க."

"அவர் விடுவாரா?"

"விட மாட்டான் சார். நல்ல பிளேயர்."

"அப்ப எதுக்கு ஓடறது?"

"விட்டா?"

ஒவ்வொரு முறையும் ஓடுவாராம். பந்து அவன் கையில் சேர்ந்ததும் திரும்பி நடந்து பழைய இடத்துக்குப் போய்விடுவாராம். யாரும் பார்க்க மாட்டார்கள். பந்து இருக்கும் இடத்தைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள். இத்தனை வருடம் இப்படி ஓடி, ஒருமுறையாவது பந்து வந்ததா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை சார். அந்த ஃபைனல்ல."

கடைசிக் கட்டம். எதிரணி ஆள் மூன்றாவது பேஸை நோக்கி ஓடுகிறான். ஹோமிலிருந்து வந்த பந்தை நம் சாட்சி தவறவிட்டார். அந்த ஆள் அதைப் பார்த்து, நிற்காமல் ஹோமுக்கே ஓடினான். வழக்கம்போல முன்னால் ஓடி வந்திருந்த இவர் பந்தை எடுத்து ஹோமுக்கு எறிந்தார். ஆள் அவுட். ஆட்டம் முடிந்தது. ஒரே புழுதி. எல்லோரும் ஓடி வந்து தேர்டு பேஸ் ஆளைத்தான் தூக்கிக்கொண்டார்கள். மைக்கில் பேசியவர் இந்தியில் ஏதோ சொன்னார். சிறந்த ஃபீல்டர் கோப்பை சாட்சியின் கைக்குப் போனது.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை? குறுக்கு விசாரணைல நான் இதைத்தான் கேக்கணும்."

அவர் டீஸ்பூனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அதை மட்டும் கேக்காதீங்க சார்."

"ஏன்?"

"அது அவன் கப் சார். அவன் வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. அவன் பொண்ணு கல்யாணத்துல மேடையில அதைச் சொன்னாங்க. இப்ப போய், மூணாம் மாடியில உக்காந்து, நீ பந்தை விட்டியான்னு..."

"உங்க வேலை போயிடும்."

"தெரியும் சார்."

"கேக்கத்தான் வேணும் சார்," என்றார் டீச்சர், அவரைப் பார்க்காமல். "இவர் கிடக்கறார்."

அவர்கள் போன பிறகு நான் வெகுநேரம் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை அழகாக இருந்தது. என் அனுபவத்தில் அழகான கதைகள் கோப்பில் நிற்பதில்லை. 'யாரும் பார்க்காத இடத்தில் நின்றேன். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.' இதைவிட வசதியான பதில் ஒரு மோசடிக்காரனுக்குக் கிடைக்குமா? கேட்காதே என்கிறார்; கேட்டால் 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சாட்சி சொல்லிவிடுவார் என்ற பயமோ? பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்த ஓட்டமாவது நிஜமா என்று தெரிந்தாக வேண்டும். அடுத்த ஞாயிறு தாம்பரத்துக்குப் போனேன். அந்தப் பழைய பள்ளி மைதானத்தில் இப்போதும் அந்த ஆட்டம் ஆடுகிறார்கள் என்பதே எனக்குச் செய்தி. வேப்பமரத்தடியில் நின்று, பந்தைப் பார்க்காமல், பிடிவாதமாக லெஃப்ட் ஃபீல்டில் நின்ற ஒருவனையே பார்த்தேன். மூன்றாவது பேஸுக்குப் பந்து வரும்போதெல்லாம் அவன் ஓடி வந்தான். ஒன்றும் நடக்காது. திரும்பி நடப்பான். மறுபடி ஓடி வருவான். நான் பார்த்தவரை ஒரு பந்துகூட அவனிடம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "என்ன சார், உங்க பையனா?" என்றார். இல்லை என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நியாயம்தான்.

ஆகவே, அப்படி ஓடுகிற வழக்கம் உண்டு. இவர் ஓடினார் என்பதற்கு அது சாட்சியம் ஆகாது. இருந்தாலும், வேலை போகப்போகிற ஆள், இன்னொருவருடைய ஷோகேஸைப் பற்றிக் கவலைப்படுவது என் சந்தேகத்தில் எங்கோ சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாததைத்தான் நான் எப்போதும் பிடித்து இழுப்பேன்.

அடுத்த விசாரணை நாள். காலை. விசாரணை அதிகாரி விழிப்பாக இருந்தார். சாட்சி அதே மாதிரி வெள்ளைச் சட்டை. நான் எழுந்தேன்.

"போட்டி முழுக்க மூன்றாவது பேஸ் நீங்கள்தான்?"

"ஆமாம்."

"சிறந்த ஃபீல்டர் கோப்பை உங்களுக்குத்தான்?"

"ஆமாம் சார்." நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "சார்" என்றார். நான் திரும்பவில்லை.

"இறுதி ஆட்டத்தின் கடைசி அவுட். ஹோமிலிருந்து உங்களை நோக்கிப் பந்து வந்தது. அது உங்கள் கிளவுஸில் விழுந்ததா?"

இளம் அதிகாரி எழுந்துவிட்டார். "இதுக்கும் சார்ஜுக்கும் சம்பந்தமே இல்லை சார்."

"சாட்சிக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கிறேன். நினைவில்லை என்று சொன்னது அவர்தான்."

"பதில் சொல்லட்டும்," என்றார் விசாரணை அதிகாரி.

சாட்சி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்கிறவர் விரல்களை விசைப்பலகை மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த இடத்தில் 'ஆம், விழுந்தது' என்று சாட்சி சொன்னால் வழக்கு முடிந்தது. என் கட்சிக்காரர் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படிச் சொல்வதால் சாட்சிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு பிரமோஷனும் கிடைக்கும்.

"வுழலை சார்," என்றார்.

"என்ன ஆயிற்று?"

"என்னத் தாண்டிக்கினு போச்சு."

"பிறகு?"

"பிறகு இன்னா. திரும்பி வந்துச்சு. என் தலைக்கு மேல. நான் குனிஞ்சேன். காதாண்ட சத்தம் கேட்டுது. ஹோம்ல அவுட்."

"எறிந்தது யார்?"

"பாக்கலை. பந்த வுட்ட கடுப்புல தரையப் பாத்துக்கினு நின்னேன்."

"அப்படியானால் யார் என்று உங்களுக்குத் தெரியாது."

"தெரியும் சார்." ஜேபியிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "வளையாம, எறங்காம, கோடு போட்டா மாதிரி வர்ற த்ரோ எங்க டீம்ல ஒருத்தன்கிட்டதான் இருந்துச்சு. பிராக்டிஸ்ல தெனம் வாங்குனவன் நானு. கிளவுஸ் போட்டாலும் கை எரியும். சத்தத்துலயே சொல்லிடுவேன்."

"யார்?"

"இவன்தான்." பிறகு தட்டச்சு செய்கிறவரைப் பார்த்து, "இவர்தான்னு போட்டுக்கோம்மா."

இளம் அதிகாரி விடவில்லை. "போன தடவை நீங்க நினைவில்லைன்னு சொன்னீங்களே?"

"நின்னதப் பாத்தியான்னு கேட்டீங்க மேடம். பாக்கலை. இன்னிக்கும் பாக்கலைன்னுதான் சொல்றேன். பாத்தேன்னு நான் எங்க சொன்னேன்?"

அவர் சொன்னது சரிதான். நாங்கள் இருவரும், விதிப்புத்தகத்தோடு வந்த இரண்டு பேரும், அவருடைய பழைய வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தோம். விசாரணை அதிகாரிதான் விதியில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அப்ப அந்தக் கப்பு?"

"வூட்ல கீது சார்."

உத்தரவு வரச் சில மாதங்கள் ஆயின. முதல் போட்டியில் அவர் ஆடியது நிரூபணம். வேலையில் சேர்ந்தது முறைதான். இரண்டாவது சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது தவறு, அதற்குக் கண்டனம். தண்டனைகளிலேயே மிகச் சிறியது. பணிப்பதிவேட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியால் அந்த முறை பிரமோஷன் தள்ளிப்போகும். மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் சார். ரெண்டு வாங்கினது தப்புதானே."

வேலை இருக்கிறது. தபால் பிரிவில் அதே நாற்காலி. டீச்சர் எனக்கு ஒரு பிளம் கேக் கொண்டுவந்து கொடுத்தார், கிறிஸ்துமஸ் இல்லாத மாதத்தில்.

அதோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு மூன்று விஷயம் உறுத்தியது. மொட்டைக் கடிதம் எழுதியது யார்? தன் கோப்பையைத் தானே விட்டுக்கொடுத்த சாட்சி, அதை எழுதியிருக்க முடியாது, வேறு யாரோ. அது போகட்டும். என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்காதே என்றால் நான் கண்டிப்பாகக் கேட்பேன் என்பது என்னைப் பற்றித் தெரிந்த யாருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் என் கட்சிக்காரர் வேண்டாம் என்றாரா? அந்தச் சனிக்கிழமை டீக்கடையில் இருவரும் சிரித்தது எதற்கு?

கடைசியில் ஒரு சனிக்கிழமை கீழ்க்கட்டளைக்கே போனேன். அதே பெஞ்ச். இருவரும் இருந்தார்கள். நடுவில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

"வாங்க சார்," என்றார் சாட்சி. "ரிட்டயர் ஆயிட்டீங்க, கேஸும் முடிஞ்சிடுச்சு. உங்களுக்கு மட்டும் இன்னும் என்கொயரி முடியலையா?"

நான் சுற்றி வளைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

சாட்சி டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சார், இவனுக்குத் திட்டம் போடத் தெரிஞ்சா ரெண்டு சர்டிபிகேட் வாங்கியிருப்பானா?"

வலுவான வாதம். ஆனால் சொன்னது சாட்சி. நான் இவரைப் பார்த்தேன். இவர், "சார், சக்கரை போடலாமா?" என்று கேட்டார்.

"பையில என்ன?"

"கப்பு," என்றார் சாட்சி. "வாராவாரம் எடுத்தாறேன். வாங்க மாட்டேங்கறான்."

"அது உன்னோடதுடா."

"என்னுதுன்னு நீதான் சொல்ற. ஆபீஸ் ரெக்கார்டுல வேற மாதிரி கீது. கேளு, சாரையே கேளு."

"சாரை ஏன்டா இழுக்கற."

இப்படியே போனது. டீ முடிந்தது. தாம்பரம் பஸ் வந்ததும் இவர் ஏறிவிட்டார். ஏறுவதற்கு முன் ஒருமுறை மேலே பார்த்தார். அன்று விமானம் எதுவும் இல்லை. சாட்சி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்துக்குள் நடந்துவிட்டார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"இன்னா சார்," என்றார் டீக்கடைக்காரர். "பைய வுட்டுட்டுப் போறீங்க."

"என்னுது இல்லை."

"அவங்களும் இல்லன்றாங்க. ஒவ்வொரு வாரமும் இதே பேஜார். கடைல வெக்க எனக்கு எடம் இல்ல சார்."

கண்டெடுத்த பொருளை உரியவரிடம் ஒப்படைப்பதற்கு நடைமுறை இருக்கிறது. உரியவர் யார் என்று தெரிந்தால். பையை எடுத்துக்கொண்டு வந்தேன். கோப்பை இப்போது என் வீட்டில் ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. அடியில் பொறித்திருந்த எழுத்து அழிந்துவிட்டது, அல்லது யாரோ அழித்திருக்கிறார்கள். அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன்.

"அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து உங்க தலையில கட்டிட்டாங்க," என்கிறாள் என் மனைவி.

அப்படித்தான் நானும் நினைக்கிறேன்.